விரிசலை ஆங்கிலத்தில் விவரித்து எழுதுதல்

குடியிருக்கும் வீட்டின் சுவரிலோ வேலைக்குரிய கருவியிலோ விரிசல் காணுமிடத்து, தோட்ட அலுவலகத்திற்கு எழுத்து மூலம் அறிவிப்பதே நன்று. அதனை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், 'வால் டேமேஜ்' என்னும் இரு சொற்களோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். சுவர் பழுது என்பதன்றி அதில் வேறு செய்தி இல்லை. கடிதத்தைப் படிப்பவர் நம் வீட்டைக் காணாதவராக இருக்கலாம். அபாயத்தின் அளவை நம் எழுத்தே அவருக்கு உணர்த்துதல் வேண்டும். அதற்கு நான்கு செய்திகள் தேவை.

முதலாவது, வகை. மேலாக விழுந்த கீறல் 'ஸ்க்ராட்ச்'. ஆழ இறங்கிய விரிசல் 'கிராக்'. மயிரிழை போன்றது 'ஹேர்லைன் கிராக்'. மரம் நார்வாக்கில் பிளந்தால் 'ஸ்பிலிட்'. விளிம்பில் சில்லுப் பெயர்ந்தால் 'சிப்'. விரிசல் கண்ட பால் மங்கு 'கிராக்ட்', துண்டுகளானதே 'புரோக்கன்'. கீறல் மேற்பரப்போடு நிற்பது. ஆதலால் 'ஸ்க்ராட்ச் ஆன் தி கிளாஸ்' என்பர். சுவர் விரிசல் உள்ளிறங்குவது. ஆதலால் 'கிராக் இன் தி வால்' என்று எழுதுக.

இரண்டாவது, இடமும் திசையும். செங்குத்தானது 'வெர்ட்டிகல்', கிடையானது 'ஹொரிசாண்டல்', சாய்வானது 'டயகனல்'. விரிசல் ஓடுகிறது என்று நாம் சொல்வது போலவே ஆங்கிலத்தில் 'ரன்ஸ்' என்பர். திசை காரணத்தையும் காட்டக்கூடும். செங்கற்சுவரில் படிக்கட்டுப் போல் ஏறும் விரிசல், அடித்தளம் ஒருபுறம் அமிழ்வதன் அறிகுறியாகலாம். இழுபட்டு நிற்கும் ரப்பர் பெல்ட்டைக் காற்றிலுள்ள ஓசோன் வாயு தாக்கினால், இழுப்புக்குக் குறுக்காக வெடிப்புகள் தோன்றும். அவற்றை 'கிராக்ஸ் அக்ராஸ் தி பெல்ட்' என்று குறிக்கலாம்.

மூன்றாவது, அளவு. 'பிக்', 'ஸ்மால்' என்பவை அளவாகா. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் 251ஆம் வெளியீடு, சுவர் விரிசல்களில் 0.1 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றைப் பொருட்படுத்த வேண்டாதவை என்றும், 15 மில்லிமீட்டரைத் தாண்டியவற்றைக் கடுமையானவை என்றும் வகுக்கிறது. ஆகவே, அளவுகோல் வைத்து அளந்து, நீளத்தையும் அகலத்தையும் எண்ணில் எழுதுக.

நான்காவது, மாற்றம். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, தேதியைக் குறித்து வையுங்கள். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்தால், அது வளர்கிறதா என்பது விளங்கும்.

நான்கையும் சேர்த்து எழுதும் முறை இது: 'தேர் இஸ் எ டயகனல் கிராக் இன் தி கிச்சன் வால். இட் ரன்ஸ் ஃப்ரம் தி விண்டோ டு தி ஃப்ளோர். இட் இஸ் 2 மீட்டர்ஸ் லாங் அண்ட் 6 மில்லிமீட்டர்ஸ் வைட். இட் இஸ் கெட்டிங் வைடர்.' இதன் பொருள்: சமையலறைச் சுவரில் சாய்வான விரிசல் உள்ளது, அது சன்னலிலிருந்து தரை வரை ஓடுகிறது, 2 மீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் அகலமும் உடையது, மேலும் அகன்று வருகிறது.

கடிதத்தில் தேதியும் கையொப்பமும் இட்டு, நகல் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் விரைந்து அகன்றாலோ, சுவர் சாய்ந்தாலோ, கடிதத்திற்கு மறுமொழி வரும்வரை காத்திருத்தல் ஆகாது. குழந்தைகளை அவ்வறையிலிருந்து உடனே அகற்றிவிட்டு, அலுவலகத்திற்கு நேரில் சென்று அறிவியுங்கள்.