கடவுப்பாதையில் ஒரு கணம்

நுழையும்முன்

பள்ளிக்குச் செல்லும் மாணவர் பலருக்கு மிதிவண்டியே துணை. அவ்வழியில் இருப்புப்பாதை குறுக்கிடுமாயின், அங்குக் கால்களின் விரைவைவிடக் கண்களின் விழிப்பே இன்றியமையாதது. அதற்கான காரணங்களை இப்பாடம் விளக்குகிறது.

சாலையும் இருப்புப்பாதையும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் இடம் கடவுப்பாதை எனப்படும். மிதிவண்டியில் செல்வோருக்கு அங்கு இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று, விரைந்து வரும் தொடர்வண்டி. மற்றொன்று, சக்கரத்தின் கீழுள்ள தண்டவாளம்.

தொடர்வண்டிச் சக்கரத்தின் உள்விளிம்பு தடையின்றிச் செல்வதற்காகத் தண்டவாளத்தை ஒட்டி ஏறத்தாழ 5 செ.மீ. அகலமுள்ள பள்ளம் விடப்பட்டிருக்கும். வழக்கமான மிதிவண்டிச் சக்கரத்தின் அகலமோ ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. மிதிவண்டி சாயும் பக்கம் கைப்பிடியைச் சிறிது திருப்பியே நாம் சமநிலையைக் காக்கிறோம். பள்ளத்தில் சிக்கிய சக்கரம் திரும்பாது. ஆகவே ஓட்டுபவர் வீழ்வார். மழையில் நனைந்த தண்டவாளம் வழுக்கவும் செய்யும்.

பள்ளத்தை நோக்கும் கண், வரும் வண்டியை நோக்காது; வண்டியை நோக்கும் கண், பள்ளத்தைக் காணாது. மணிக்கு 90 கி.மீ. விரைவில் வரும் தொடர்வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். கைப்பேசியைக் காணத் தலைகுனிந்த நான்கு நொடிகளில் அது 100 மீட்டர் நெருங்கிவிடும். ஓட்டுநர் தடையை இயக்கினாலும், வண்டி நிற்பதற்குப் பல நூறு மீட்டர் தொலைவு தேவை. விலகிச் செல்லவோ அதற்கு வழியில்லை.

இந்தியாவின் அகலப்பாதைகளில் ஆளில்லாக் கடவுப்பாதைகள் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டன. ஆயினும், மூடிய தடுப்பின்கீழ் மிதிவண்டியைச் சாய்த்து நுழைவோர் இன்றும் உளர். ஒரு வண்டி சென்றதும் பாதை வெறுமையாயிற்று என அவர்கள் எண்ணுகின்றனர். இரட்டைப் பாதையில், சென்ற வண்டியின் பேரொலியில் எதிர்த்திசையில் வரும் வண்டியின் ஓசை மறைந்துபோகக்கூடும்.

அறியாத இடத்தில் எவரும் விழிப்புடன் இருப்பர். நாள்தோறும் கடக்கும் இடத்தில்தான் விழிப்புத் தளர்கிறது. நூறு நாள்கள் தீங்கின்றிக் கடந்தோம் என்பது நூற்றோராம் நாளுக்கு உறுதியாகாது. எனவே, கவனத்தை இரண்டாகப் பிளத்தலாகாது. ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துதல் வேண்டும். தடுப்பு திறக்கும்வரை காத்திருங்கள். மிதிவண்டியைவிட்டு இறங்கி, செவியிலுள்ள ஒலிபெருக்கிகளை அகற்றி, இருபுறமும் நோக்குங்கள். அதன்பின், தண்டவாளத்திற்குச் செங்கோணமாக மிதிவண்டியைத் தள்ளிச் செல்லுங்கள். இதனால் செலவாவது அரை நிமிடம். காக்கப்படுவது ஓர் உயிர்.

கற்பவை கற்றபின்...

1. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடப்பது ஏன் தீங்கானது? விளக்குக.
2. உங்கள் ஊர்க் கடவுப்பாதையில் மக்கள் கடக்கும் முறையைப் பாதுகாப்பான இடத்தில் நின்று உற்றுநோக்கி, ஒரு பத்தி எழுதுக.