வெண்பொடிக்குள் காந்தம்

கோமுகி அணைப் பக்கம் போகும்போது, காகிதம் சுற்றிய காந்தம் ஒன்றை ஆற்று மணலில் புரட்டிப் பாருங்கள், மாணவியரே. கல்வராயன் மலைப் பாறைகள் தேய்ந்து வந்த கருமணல் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். அது மாக்னடைட் என்னும் இரும்புத் தாது; சேலத்துக் கஞ்சமலையில் இருப்பதும் இதுவே. இரும்பு இருக்கிறது, காந்தம் ஈர்க்கிறது, வியப்பில்லை.

நம் ஆய்வகத்து அலமாரியிலுள்ள துத்தநாக ஆக்ஸைடு அப்படியன்று. அந்த வெண்பொடியைக் காந்தம் மிக மிக மெல்ல விலக்கவே செய்யும். ஏன்? ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு சிறு காந்தம். துத்தநாக அயனியில் அவை இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில் இணைந்து, ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகின்றன. மாங்கனீசு அயனியிலோ ஐந்து எலக்ட்ரான்கள் இணையின்றி நிற்கின்றன.

துத்தநாக ஆக்ஸைடு ஒரு குறைகடத்தி. சிலிக்கானில் பாஸ்பரஸ் சேர்ப்பதை மாசூட்டல் என்று படித்தீர்களன்றோ? அதுபோல் இதில் நூற்றுக்கு இரண்டு மூன்று துத்தநாக அயனிகளுக்குப் பதில் மாங்கனீசை அமர்த்தினால் என்ன ஆகும்? மின்னோட்டமும் காந்தமும் ஒரே பொருளில் கிட்டினால், கணக்கிடுவதையும் நினைவில் வைப்பதையும் ஒரே சில்லு செய்யலாம். இது அறை வெப்பநிலையிலேயே கூடும் என்று போலந்து நாட்டு அறிஞர் டீட்ல் குழுவினர் 2000ஆம் ஆண்டில் கணித்தனர். உடனே பல நாடுகளில் செய்து பார்த்தார்கள். ஒருவருக்குக் காந்தம் வந்தது, மற்றவருக்கு வரவில்லை. கோபால்ட் சேர்த்த இடங்களில், அது படிகத்துக்குள் பரவாமல் தனியே திரண்டு நின்று ஏமாற்றியதும் உண்டு. நானோ படிகத்தில் தொல்லை இன்னும் அதிகம். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அத்தனை சிறிய படிகத்தில் மாசு அணு உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடலாம்.

2006இல் பெங்களூரில் சுந்தரேசன், சி. என். ஆர். ராவ் ஆகியோர் குழு வேறொன்றைக் கண்டது. மாசே ஊட்டாத துத்தநாக, அலுமினிய, சீரிய ஆக்ஸைடுகளின் நானோ துகள்கள் அறை வெப்பநிலையில் பெர்ரோ காந்தத் தன்மை காட்டின! சூடேற்றிப் பெரிய படிகங்களாக்கியதும் அது மறைந்தது. மேற்பரப்பில் ஆக்ஸிஜன் விட்டுப்போன வெற்றிடங்களில் இணையற்ற எலக்ட்ரான்கள் நிற்பதே காரணம் என்றனர். எல்லாரும் ஏற்கவில்லை. வெறும் அழுக்கென்றால் சூட்டில் ஏன் மறைய வேண்டும் என்று கேட்கலாம். அழுக்கும் சூட்டில் வேறு சேர்மமாகலாமே என்று மறுக்கலாம்.

அந்த அச்சம் வீணன்று. இவ்வளவு மெல்லிய காந்தத்தைக் கைக்காந்தம் காட்டாது. திரவ ஹீலியத்தில் குளிர்வித்த ஸ்குவிட் காந்தமானி வேண்டும். ஹாஃப்னியம் ஆக்ஸைடு படலத்தில் கண்ட காந்தம், அதைப் பிடித்த எஃகு இடுக்கி விட்டுச் சென்ற துகளால் வந்திருக்கக் கூடும் என்று 2005இல் காட்டினார்கள்.

நம் ஆய்வகத்திலும் ஒருமுறை வெண்பொடி காந்தத்தில் ஒட்ட, வகுப்பே ஆரவாரித்தது. முந்தைய வகுப்பின் இரும்புத்தூள் தட்டில் மிச்சமிருந்தது! அடுத்த ஆண்டுக்குரிய பொருள் பட்டியலில் பிளாஸ்டிக் இடுக்கி ஆறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.