கொல்லிப்பாவையும் குளவியும்

கொல்லிமலைச் செம்மேட்டில் படிக்கும் அன்புத் தம்பிக்கு,

சங்கப் பாடல்கள் போற்றும் கொல்லிமலைப் பெண்ணுருவமான கொல்லிப்பாவைதான் உலகின் முதல் எந்திர மனிதன் என்றும், ஆகவே இன்று பேசப்படும் ஆழ்தொழில்நுட்பம் கொல்லிமலையிலேயே பிறந்துவிட்டது என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. தம்பியின் கடிதத்திலும் அது மெய்போல இடம்பெற்றிருப்பது வருந்தத்தக்கது. நற்றிணையும் குறுந்தொகையும் அப்பாவையைத் தெய்வம் ஆக்கியது என்றும் பூதம் சமைத்தது என்றும் கூறுகின்றன. காற்றும் மழையும் இடியும் தாக்கினும் அழகு குன்றாதது என்று வியக்கின்றன. அதற்குள் பொறியும் விசையும் இருந்ததாகச் சொல்லவில்லை. சிரித்து மயக்கிக் கொல்லும் பாவை என்பது பிற்காலத்தார் விரித்துக்கொண்ட கதை. கவிதையைக் கவிதையாகப் படிக்காமல் பொறியியல் சான்றாக்குவது புலவருக்கும் பெருமை அன்று, பொறியாளருக்கும் பெருமை அன்று.

மலையில் பிறந்த ஒருவருக்கு ஆழ்தொழில்நுட்பத்தில் என்ன வேலை இருக்க முடியும் என்ற தம்பியின் கேள்வியோ விடைபெறத் தக்கது. அடிப்படை அறிவியல் கண்டுபிடிப்பிலிருந்து முளைத்து, பல ஆண்டுச் சோதனைக்குப் பின்னரே தொழிலுக்குப் பயன்படும் நிலையை அடையும் நுட்பத்தையே ஆழ்தொழில்நுட்பம் என்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு, குவாண்டம் கணினி, மரபணுத் திருத்தம், புதுவகைப் பொருள்கள் என்று நீளும் வழக்கமான பட்டியலைத் தம்பி அறிவார். பட்டியலைப் படிப்பவர்கள் கருவியின் புதுமையையே ஆழம் என்று எடுத்துக்கொள்வதுதான் பிழை. ஆழம் என்பது ஒரு பொருளையோ உயிரையோ எவ்வளவு நுணுகி அறிந்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. இதற்குத் தம்பியின் ஊர் வயலில் நிற்கும் குச்சிக்கிழங்கே, அதாவது மரவள்ளியே, போதிய சான்று.

மலையில் சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் பெரும்பகுதியை மரவள்ளி எடுத்துக்கொண்டதும், அக்கிழங்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாமக்கல், சேலம் பகுதிச் சேகோ ஆலைகளில் ஜவ்வரிசியாவதும் தம்பிக்குத் தெரிந்தவை. அந்தப் பயிரைத் தாக்கும் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2020இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டு, பின்னர் தமிழ்நாட்டு வயல்களுக்கும் பரவியது. அது உறிஞ்சிய செடியின் நுனி இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும். அதன் மேனியை மூடிய மெழுகுப் பூச்சு மருந்து ஒட்டவிடாது. ஆண் துணையின்றியே பெண் பூச்சி பெருகும் என்பதால், நடவுக் கரணையில் ஒளிந்துவந்த ஒற்றைப் பூச்சியே ஒரு வயலுக்குப் போதும்.

இதே பூச்சி 1970களின் தொடக்கத்தில் காங்கோவில் தோன்றி, ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவை அழித்த வரலாற்றை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். மரவள்ளி தென் அமெரிக்கப் பயிராதலால் பூச்சியின் இயற்கைப் பகையும் அங்கேதான் இருக்கும் என்று ஊகித்து ஆய்வாளர்கள் தேடினார்கள். அக்கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து விட்டபோது, ஆப்பிரிக்கப் பூச்சியில் அவை பெருகவில்லை. நுணுகி நோக்கியபோதுதான் காரணம் விளங்கியது: வடக்கில் கிடைத்த இனத்தில் ஆண் உண்டு, ஆப்பிரிக்காவில் பரவியதில் ஆண் இல்லை, பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தவை இருவேறு இனங்கள். உண்மையான பூச்சி 1981இல் பராகுவே நாட்டில் அகப்பட்டது, அதனுடன் அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியும் கிடைத்தது. ஓரிரு மில்லிமீட்டரே உள்ள அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்று, கூடாகிப்போன உடலைத் துளைத்துக் குளவியாக வெளிவரும். அதே ஆண்டு நைஜீரியாவில் விடப்பட்ட அக்குளவி, ஆப்பிரிக்காவின் மரவள்ளி வட்டாரங்கள் பெரும்பாலானவற்றிலும் நிலைபெற்றது. அப்பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஆணும் பெண்ணும் எண்ணிப் பார்க்கும் பழைய வகைப்பாட்டியலை, அதாவது உயிர்களை இனம் பிரித்துப் பெயரிடும் கல்வியை, தூசி படிந்த அருங்காட்சியக வேலை என்று ஒதுக்குபவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியைச் சிந்திக்கட்டும். இன்று மரபணுக் குறியீட்டைக் கொண்டு இனத்தை விரைந்து உறுதிசெய்ய முடிகிறது. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியை முன்னரே ஒருவர் சரியாகப் பெயரிட்டு வைத்திராவிட்டால் அக்குறியீடு வெறும் எழுத்துச் சரமே.

பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவைப் பகுதியில் தோன்றியபோது போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010இல் ஒட்டுண்ணி தருவிக்கப்பட்ட பட்டறிவு நம் நாட்டுக்கு இருந்தது. அதே வழியில், பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் லோபெசி குளவியை 2021இல் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, தனிமைக் காப்பில் சோதித்தது. பின்னர் 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அது வயல்களுக்கு விடப்பட்டது. குளவி விட்ட வயலில் பழக்கத்தால் மருந்து தெளிப்பவர், தமக்காக உழைக்கும் உயிரைத் தாமே கொல்கிறார் என்பதை ஊர்தோறும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயலைப் போலவே, மரவள்ளியை ஜவ்வரிசியாக்கும் ஆலைகளின் நிலையும் மாறிவருகிறது. முன்பு ஓடையிலும் ஏரியிலும் கலந்து நாறிய கழிவுநீரைக் காற்றுப் புகாத கலன்களில் நுண்ணுயிரிகளைக் கொண்டு செரிக்கச் செய்து, கிடைக்கும் எரிவாயுவால் ஆலையையே இயக்கும் முறையைப் பல சேகோ ஆலைகள் கைக்கொண்டுள்ளன. இதை விரிக்க வேறொரு கடிதம் வேண்டும்.

ஆனால் மரவள்ளிக்கு இடம்விட்ட சிறுதானியங்களின் விதைகளைப் பற்றிச் சொல்லாமல் இக்கடிதத்தை முடிக்க இயலாது. தினையின் மரபணுத் தொகுதி 2012இலும் கேழ்வரகின் தொகுதி 2017இலும் படித்தறியப்பட்டன. வறட்சி தாங்கும் பண்பு மரபணுத் தொகுதியில் எவ்விடத்தில் இருக்கிறது என்பதை அறிய, அப்பண்பு உள்ளதும் இல்லாததுமான பல வகைகளை ஒருங்கே வைத்து ஒப்பிட வேண்டும். மல்லியசாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று பெயரிட்டு இம்மலையின் மலையாளிக் குடிகள் பிரித்துக் காத்த வகைகள் அத்தகைய ஒப்பீட்டுக்கு உரிய செல்வம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே விதை வங்கிகளுக்கும் உமி நீக்கும் எந்திரங்களுக்கும் பாடுபட்டதன் பொருள் அதுவே. உரலில் இடித்துக் களைத்த பெண்களின் கைவலியைக் கணக்கில் கொள்ளாமல் சாமையைக் காப்பாற்று என்று உபதேசிப்பது அறமும் அன்று, அறிவியலும் அன்று.

ஆதலால், தம்பி, கல்லூரியில் சேரும்போது பூச்சியியலையோ வகைப்பாட்டியலையோ தேர்ந்தெடுக்கத் தயங்க வேண்டாம். அதற்குமுன், வரும் பருவத்தில் வீட்டு வயலில் கரணை நடும் நாளன்று, ஒவ்வொரு கரணையின் கணுவையும் ஒரு கைலென்சால் பார்த்து, கண்டதைத் தேதியிட்டு எழுதி அனுப்புக.