ஐந்தாம் வசனத்தின் முற்பாதி

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

நேற்று ராத்திரி உன் அப்பா போன் பண்ணினான். பேசியதில் பாதி நேரம் கம்மலைப் பற்றித்தான். வீடியோ காலில் நீ வெறுங்காதோடு வந்தாயாம். சாப்பாட்டு ஜெபத்துக்குத் துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டாயாம். உன் அம்மா அன்றைக்கு இராச் சாப்பாடு தொடவில்லையாம். "நீ சொன்னாத்தான் கேப்பா அக்கா" என்று என் தலையில் கட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டான். போனில் பேசினால் நான் சத்தம் போட்டுவிடுவேன் என்று உனக்கே தெரியும், அதனால்தான் கடுதாசி.

முக்காடு வேதத்தில் உள்ளதுதானே அத்தை, அதில் என்ன குறை என்று நீ எனக்கு அனுப்பிய மெசேஜைப் பலமுறை படித்தேன். ஒரு குறையும் இல்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு முந்தானை தலைக்கு ஏறிவிடும், யாரும் சொல்லித் தர வேண்டாம். முட்டத்திலும் குளச்சலிலும் பார், பூசைக்குப் போகிற பாட்டிமார் தலையில் துணி இல்லாமல் படியேற மாட்டார்கள். ரோமில் 1917இல் எழுதிய திருச்சபைச் சட்டம் பெண்கள் தலையை மூட வேண்டும் என்றது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்த விதியே இல்லை. சட்டம் போனாலும் நம் கடற்கரையில் பழக்கம் போகவில்லை. பெந்தெகொஸ்தே வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெள்ளைச் சேலை, மூடின தலை, தெருமுனையிலேயே அடையாளம் தெரியும்.

துணியைப் பற்றி நம் குடும்பத்துப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கவும் வேண்டாம். நம் முன்னோர் பெண்கள் தோளில் ஒரு சீலை போட்டதற்காக மேல்சாதிக்காரர்கள் அதைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். 1859இல்தான் திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால் இருந்தது. அப்படி வந்த சீலையின் நுனியைத்தான் நாம் தலையில் போடுகிறோம். ஆகையால் முக்காடு அடிமைத்தனம் என்று உன் ஆபீஸ் சிநேகிதி சொன்னால் அவளை என்னிடம் பேசச் சொல்.

கம்மலைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது பாட்டி போட்டிருந்த கம்மல் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். பத்திரமாக இருக்கிறதுதானே?

என் கவலை வேறே. நீ வேதத்தில் உள்ளது என்கிறாயே, அந்த ஒன்று கொரிந்தியர் பதினோராம் அதிகாரத்தை முழுசாக வாசித்தாயா, அல்லது நீ கட்டிக்கொள்ளப் போகிற பையன் வீட்டார் குறித்துக் கொடுத்த வசனத்தை மட்டும் வாசித்தாயா? கொரிந்து எப்படிப்பட்ட ஊர் என்று பார். ரோமர் இடித்துப் போட்ட ஊரை ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் ரோமக் குடியேற்றமாகத் திரும்பக் கட்ட வைத்தான். ரோம ஆண்கள் பலி செலுத்தும்போது மேலங்கியைத் தலைமேல் இழுத்துவிடுவது வழக்கம். அங்கே தோண்டியெடுத்த அகுஸ்து ராயனின் சிலையே தலையை மூடித்தான் நிற்கிறது. பவுல் அந்த ஊர் ஆண்களிடம் தலையை மூடாதே என்கிறார், பெண்களிடம் மூடு என்கிறார். இடையில் தேவதூதர்களை வேறு இழுத்துவிடுகிறார். தூதர்களுக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்காத போதகர் இல்லை, ஆளுக்கு ஒரு பதில். பதினோராம் வசனத்தில் கர்த்தருக்குள் பெண் இல்லாமல் ஆண் இல்லை என்கிறார். பதின்மூன்றில் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்கிறார். இவ்வளவு சுற்றி வளைத்தவரை ஒற்றைச் சட்டம் போட்டவராக ஆக்கிவிடுகிறோம்.

போகட்டும். ஐந்தாம் வசனத்துக்கு வா. எப்போது தலையை மூட வேண்டும்? ஜெபம் பண்ணும்போது, தீர்க்கதரிசனம் சொல்லும்போது. அந்தச் சபையில் பெண்கள் வாய்விட்டு ஜெபித்தார்கள், சபைக்குத் தேவ வார்த்தை சொன்னார்கள் என்றுதானே அர்த்தம்? பவுல் அதைக் கேள்வியே கேட்கவில்லை. பேசும்போது தலையில் என்ன இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் பிரச்சினை. அதே ஊரில் அவரோடு கூடாரம் தைத்தவள் பிரிஸ்கில்லாள். அப்பொல்லோவைப் போன்ற பேச்சாளனுக்கே உட்கார வைத்து விளக்கம் சொன்னவள். ஊரை அடுத்த துறைமுகம் கெங்கிரேயா, அங்கே சபை ஊழியக்காரி பெபேயாள். முக்காட்டுக்கு இந்த வசனத்தைக் காட்டுகிறவர்கள் பின்பாதியை உரக்க வாசிக்கிறார்கள். முற்பாதி வரும்போது தொண்டை கட்டிக்கொள்கிறது.

நீ போகப் போகிற வீடு சகோதரன் சபை. பையன் தங்கமானவன் என்றே விசாரித்ததில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. சம்பளம் வாங்குகிற போதகர் இல்லை, பீடம் இல்லை, ஞாயிறுதோறும் அப்பம் பிட்குதல், யாருக்கு ஆவியானவர் ஏவுகிறாரோ அவர் எழுந்து பாட்டுச் சொல்லலாம், ஜெபிக்கலாம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் அந்த 'யாருக்கு'வில் நீ இல்லை மகளே. சகோதரர்கள் எழுவார்கள், சகோதரிகள் மூடின தலையோடு உட்கார்ந்திருப்பார்கள். பேசவே போகாதவளுக்கு முக்காடு எதற்கு என்று பவுலே வந்தால் கேட்பார்.

பெரியத்தை கதை உனக்குத் தெரியும். உன் அப்பா சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பாடற்குழுவில் ஆல்ட்டோ பாடினவள் அவள், ஞாயிறு பள்ளியில் அவள் கதை சொன்னால் பையன்கள்கூட அசைய மாட்டார்கள். அவளைக் கட்டிக்கொடுத்த ஊரில், இதே சகோதரன் சபைக் கூட்டம் ஒன்றில், ஒரு சகோதரர் ஞானப்பாட்டை எட்டாத சுருதியில் எடுத்துவிட்டார். ஆர்மோனியம் கிடையாது. இரண்டாம் அடியில் எல்லோரும் திணறி, பாட்டு அறுந்து நின்றது. இவள் யோசிக்கவே இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கீழ்ச் சுருதியில் எடுத்துக் கொடுத்தாள். சபை முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு கடைசி அடிவரை பாடியது. கூட்டம் முடிந்ததும் மூப்பர் அத்தானைத் தனியே கூப்பிட்டு, சகோதரிகள் பாட்டு எடுத்துக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை என்றார். அதற்குப் பிறகு அவள் ஆராதனையில் உதட்டை மட்டும்தான் அசைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாட்டுப் புத்தகத்தில் விரல் வரி வரியாகப் போகும், சத்தம் வராது. அவள் தலையிலிருந்து முக்காடு ஒருநாளும் நழுவியதில்லை. அதில் யாருக்கும் குறை இல்லை.

இதற்குப் பதில் சொல்வார்கள், எனக்குத் தெரியும். பதினாலாம் அதிகாரத்தில் பெண்கள் சபையில் பேசக் கூடாது என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஒரே கடிதம், மூன்று அதிகாரம் தள்ளி. ஜெபிக்கும்போது தலையை மூடு என்று சொன்ன மனுஷன் அதற்குள் மறந்துவிட்டு ஜெபிக்கவே கூடாது என்பாரா? அவர்களும் அதற்கு விளக்கம் வைத்திருக்கிறார்கள்: பதினோராம் அதிகாரம் வீட்டில் ஜெபிப்பதைச் சொல்கிறது, பதினாலு சபையைச் சொல்கிறது என்று. இருக்கட்டும். அப்படியானால் வீட்டிலாவது விடுகிறார்களா என்று பார்.

இன்னொன்றையும் அந்தப் பையனிடம் கேள். தமிழ்நாட்டில் அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்கிற முன்னோர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். சகோதரன் சபை மிஷனரி குரோவ்ஸிடம் பயின்றவர், திருநெல்வேலிப் பக்கத்தார். 1860இல் அவருடைய ஊழியத்தில் எழுப்புதல் உண்டானபோது ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஆவியில் நிறைந்து அழுதார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அவர்கள் வீட்டுச் சரித்திரம்தான் அது, நான் சொந்தமாக ஒன்றும் சேர்க்கவில்லை.

நம் சபை மட்டும் யோக்கியமா என்று நீ கேட்கலாம். இல்லை. 1947இல் தொடங்கிய சிஎஸ்ஐ ஒரு பெண்ணைப் போதகராக அபிஷேகம் பண்ண 1976 ஆயிற்று. பெண் பேராயர் வந்தது 2013இல், அதுவும் ஆந்திராவில் நந்தியாலில். நம் பாஸ்டரேட் கமிட்டியில் பெண்கள் டீ ஊற்றுகிற அளவுக்குப் பேசுவதில்லை. ஆனால் போன பெண்கள் ஞாயிறன்று உன் அம்மா பிரசங்கபீடத்தில் நின்று பாடம் வாசித்தாள். முக்காடு போட்டுக்கொண்டுதான் வாசித்தாள். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. அந்தக் கதவைத் திறக்க எத்தனை பேர் மல்லுக்கட்டினோம் என்பது உன் தலைமுறைக்குத் தெரியாது, நீ பாட்டுக்கு அதை வெளியே நின்று சாத்திவிட்டுப் போகிறாய்.

முடிவு உன்னுடையது. நான் தடுக்க மாட்டேன், உன் அப்பாவையும் தடுக்க விட மாட்டேன். நிச்சயத்துக்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது குடும்ப ஜெபம் வைக்கச் சொல். துப்பட்டாவை நன்றாகத் தலையில் போட்டுக்கொள். பிறகு யாரும் கேட்காமலே நீ வாய்விட்டு ஜெபி. நீ ஜெபித்து முடித்ததும் அந்தப் பையன் ஆமென் சொல்கிறானா, அல்லது தன் அப்பா முகத்தைப் பார்க்கிறானா என்று மட்டும் கவனி. ஆமென் சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டு சேலை எடுக்க வருகிறேன். தாலி வேண்டாம் என்றாலும் சரி, பூ வேண்டாம் என்றாலும் சரி, முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னால் துண்டோடு கரையில் நிற்பேன். அப்பா முகத்தைப் பார்த்தால் உனக்கு இருபத்தாறு வயதுதான் ஆகிறது, அவசரம் ஒன்றுமில்லை. பெங்களூரில் நல்ல சிஎஸ்ஐ பையன்கள் இல்லாமலா போய்விட்டார்கள்?

அதிகமாகப் பேசிவிட்டேனோ? கோபித்துக்கொள்ளாதே கண்ணு. நம் குடும்பத்திலேயே புத்தி உள்ளவள் நீதான், அதை உன் அப்பா முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அந்த வீடியோவை அவன் எனக்கும் அனுப்பினான். முக்காட்டில் நீ அப்படியே பாட்டி மாதிரி இருக்கிறாய், பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவள் சாப்பிடுவாள். முந்திரிக்கொத்து செய்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், சனிக்கிழமை பஸ்ஸில் வருகிற பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். பாதியை உன் சகோதரன் சபைப் பையனுக்கும் கொடு. ஈஸ்டருக்கு அவனையும் இங்கே கூட்டிக்கொண்டு வா, அவன் மீன் சாப்பிடுவானா என்று முன்கூட்டியே எழுது.

உன்னை எப்போதும் ஜெபத்தில் நினைக்கும்,
சின்னத்தை
நாகர்கோவில்