கடைத்தெருவில் கோபுரம் எழுந்தால் கடைக்காரர் எங்கே?

வணிகர் பாடம்



பண்பொழி கடைத்தெருவில் பத்து மாடிக் கட்டிடமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் நம் வட்டாரம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. விருதுநகர் - தென்காசி - செங்கோட்டை அகலப்பாதை 2004-இலும், திருநெல்வேலி - தென்காசி அகலப்பாதை 2012-இலும், செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையின் அகலப்பாதை 2018-இலும் வந்தன. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ரயிலும் மாவட்டத் தலைநகரும் ஒன்று சேரும் இடத்தில் மனை விலை ஏறும். மனை விலை ஏறினால் தரைத்தளக் கடை வரிசையைப் பார்க்கிற கண்ணும் மாறும். 'இத்தனை மதிப்புள்ள நிலத்தில் ஓடு வேய்ந்த கடையா?' என்று உரிமையாளரின் பிள்ளைகள் கேட்பார்கள். பில்டர் ஒருவர் வரைபடத்தோடு வருவார்.

அவர் வருவதற்கு முன் தெரிந்து கொள்ள வேண்டியதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது இன்றைக்கே தேவைப்படும் பாடம்.

நிலையத்தருகே ஏன் உயரமான கட்டிடம்?

ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடந்து போகும் தூரத்தில் அதிகம் பேர் குடியிருந்தால் வண்டியில் கூட்டம் நிறையும், சாலையில் நெரிசல் குறையும், நிலத்தின் மதிப்பு உயர்ந்து அரசுக்கும் வருவாய் வரும். ஹாங்காங்கின் எம்.டி.ஆர். ரயில் நிறுவனம் நிலையங்களின் மேலேயே வீடும் கடையும் கட்டி, அந்த வருவாயில் ரயில் பாதை போட்டது. சென்னை மெட்ரோ நிறுவனமும் சென்ட்ரல் எதிரே இந்த வழியில்தான் கோபுரம் திட்டமிட்டது.

இந்தக் கொள்கையில் குறை சொல்ல அதிகம் இல்லை. கூட்டம் கூடினால் வணிகம் கூடும். ஆனால் அந்த வணிகம் யாருடைய வணிகம் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு கணக்கு

தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., என்ற சொல்லைப் பலரும் கேட்டிருப்பீர்கள். மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்லும் எண் அது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில் 18.30 மீட்டர் உயரம் வரையுள்ள சாதாரணக் கட்டிடத்துக்கு இது 2 என்றும், அதற்கு மேற்பட்ட உயரடுக்குக் கட்டிடத்துக்கு, 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால், 3.25 என்றும் வைத்தார்கள். கட்டணம் செலுத்தினால் இதற்கு மேலும் கூடுதல் பரப்பு பெற வழி உண்டு.

பாடத்துக்காக ஓர் உதாரணம் எடுப்போம். சாலையை ஒட்டி 50 சென்ட் சதுர மனை. பரப்பு 21,780 சதுர அடி. முகப்பு சுமார் 147 அடி. இதில் 10 அடி முகப்பும் 25 அடி ஆழமும் உள்ள 14 கடைகள். கடைகளின் மொத்தப் பரப்பு 3,500 சதுர அடி.

இந்த மனையில் 3.25 குறியீட்டில் கட்டினால் 70,785 சதுர அடி வரும். 14 கடைக்காரர்களுக்கும் பழைய பரப்பையே திருப்பிக் கொடுத்தாலும் அது மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. 'கடைக்காரருக்கு இடம் கொடுத்தால் கட்டுபடியாகாது' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்து முன்னால் வையுங்கள்.

கணக்கின் இரண்டாம் பாதி நமக்குச் சாதகமானதல்ல. 30 மீட்டர் வரை உயரமுள்ள உயரடுக்குக் கட்டிடத்துக்கு நாற்புறமும் 7 மீட்டர், அதாவது சுமார் 23 அடி, காலியாக விட வேண்டும். அப்படி விட்டால் 147 அடி அகலம் 101 அடியாகச் சுருங்கும். தரைத்தளம் 10,300 சதுர அடி அளவில் நிற்கும். மனையில் பாதிகூட இல்லை. அதிலும் லிஃப்ட், மாடிப்படி, மின்மாற்றி, கார் இறங்கும் வழி ஆகியவற்றுக்கு இடம் போக வேண்டும். சாலையைப் பார்த்த முகப்பில் 10 அடிக் கடைகள் ஏழோ எட்டோதான் தேறும். அவையும் சாலையிலிருந்து 23 அடி உள்ளே தள்ளி இருக்கும்.

ஆக, பரப்பு ஏராளம், முகப்புதான் பற்றாக்குறை. 14 பேரில் ஆறு பேர் பின்பக்கமோ முதல் மாடியோ போக வேண்டி வரும். மளிகைக்காரருக்கும் பழக்கடைக்காரருக்கும் முகப்புதான் முதல். மாடியில் 500 சதுர அடி கிடைப்பதைவிடத் தெருவில் 150 சதுர அடி கிடைப்பது மேல். 'சதுர அடிக்குச் சதுர அடி' என்று மட்டும் ஒப்பந்தம் எழுதிக் கொண்டவர் பாதி வணிகத்தை எழுதிக் கொடுத்தவராவார்.

மும்பை சொல்லும் பாடம்

மும்பை பெண்டி பஜாரில் 2009-இல் சைஃபி புர்ஹானி மேம்பாட்டு அறக்கட்டளை ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. பதினாறரை ஏக்கர், சுமார் 250 பழைய கட்டிடங்கள், 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள். அத்தனையையும் இடித்துக் கோபுரங்களாகக் கட்டி, பழைய வாடகைதாரர்களுக்கே சொந்தமாகக் கொடுப்பது திட்டம். நோக்கம் நல்லது, நடத்தியது லாபம் தேடும் நிறுவனமும் அல்ல. அப்படி இருந்தும் முதல் இரண்டு கோபுரங்கள் எழுந்து மக்கள் குடியேறப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அத்தனை காலமும் கடை வேறு இடத்தில் நடக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர் தேடி வர வேண்டும்.

அதே பகுதியில் 2017 ஆகஸ்ட் 31-ஆம் நாள் ஹுசைனி கட்டிடம் இடிந்து விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இடிப்பதற்கென்று குறிக்கப்பட்ட கட்டிடம்தான் அது. காலி செய்து முடிவதற்குள் தானே விழுந்தது. ஆகவே 'எது வந்தாலும் நகரமாட்டோம்' என்பதும் வழியல்ல. உளுத்துப் போன உத்தரத்தின் கீழே எந்த வணிகமும் லாபமாகாது.

தாராவி நமக்கு அந்நிய ஊர் அல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் இடம். மாஹிம், சயான் ரயில் நிலையங்களை ஒட்டிய அந்த நிலத்துக்கு 2004 முதலே மறுசீரமைப்புத் திட்டம் பேசி, 2022 நவம்பரில் ஒப்பந்தப்புள்ளி முடிவானது. தாராவிக்குள்ளேயே இலவசமாக வீடு பெறும் தகுதிக்கு வைத்த அளவுகோல், 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததற்கான சான்று. அங்கே உழைத்த ஆண்டுகளை யாரும் எண்ணவில்லை; காகிதத்தில் இருந்த தேதியை எண்ணினார்கள்.

கனடாவில் நம்மவர் கடைகள்

டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் ஈழத் தமிழர்களின் மளிகைக் கடை, நகைக் கடை, புடவைக் கடைகள் பலவும் 'பிளாசா' எனப்படும் ஒற்றைத் தளக் கடை வரிசைகளில் இருக்கின்றன. முன்னால் கார் நிறுத்தும் திடல், பின்னால் வரிசையாகக் கடைகள். அந்தப் பகுதியில் 'கோல்டன் மைல்' என்ற நீண்ட கடைத்தெரு உண்டு. அங்கே 1954-இல் திறந்த பிளாசாவை 1959-இல் எலிசபெத் ராணியே வந்து பார்த்தார். அந்தத் தெரு வழியாக 2011-இல் இலகு ரயில் பாதை வேலை தொடங்கியது. நினைத்ததைவிடப் பல ஆண்டுகள் இழுத்தது. 2020-இல் நகர மன்றம் அந்தத் தெருவுக்குப் புதிய திட்டம் வகுத்தது. கார் நிறுத்தும் திடல்களில் 30, 40 மாடிக் கோபுரங்கள் எழும் காலம் வந்தது.

அங்கே வணிக வாடகை ஒப்பந்தங்களில் 'இடிப்பு விதி' என்று ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். உரிமையாளர் கட்டிடத்தை இடிக்க முடிவு செய்தால், குறித்த சில மாத அவகாசத்தில் கடைக்காரர் வெளியேற வேண்டும். ஐந்தாண்டு, பத்தாண்டு ஒப்பந்தம் கையில் இருந்தாலும் அந்த ஒரு வரி அதைச் சில மாத ஒப்பந்தமாக்கி விடும். நம் ஊர் பத்திரங்களிலும் இத்தகைய வரி நுழையக் காலம் ஆகாது. கையெழுத்துக்கு முன் கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

நிலையமும் நகரும்

கொத்தவால்சாவடியிலிருந்து 1996-இல் கோயம்பேட்டுக்கு மொத்த வணிகம் போனது. 2002-இல் அதன் அருகே பேருந்து நிலையமும், 2015-இல் மெட்ரோவும் வந்தன. கோயம்பேடு இனி அசையாது என்று எல்லோரும் நினைத்தார்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போயின. தென்மாவட்டப் பயணியை நம்பிக் கோயம்பேட்டில் கடை போட்டவர்களின் வாடிக்கை ஒரே மாதத்தில் மாறியது. ஸ்கார்பரோவில் 1985 முதல் ஓடிய ரயில்கூட, 2023 ஜூலையில் தடம் புரண்டதும் அத்தோடு நிறுத்தப்பட்டது. நம் பக்கத்திலேயே, நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டித் திறக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. சுற்றியிருந்த கடைகள் அத்தனை நாளும் காத்திருந்தன. நிலையத்தை நம்பி முதல் போடலாம். முதல் முழுவதையும் போடக் கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்து கொள்ளாததே காலி செய்யக் கோரும் காரணமாகலாம். இடித்துக் கட்டும் தேவையும் அப்படி ஒரு காரணமே. 'அப்பா காலத்திலிருந்து இருக்கிறோம், ஐயா ஒன்றும் சொல்லமாட்டார்' என்ற வாய்மொழிக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

கோயில் நிலத்திலும் பேரூராட்சிக் கட்டிடத்திலும் கடை வைத்திருப்போருக்கு விதிகள் வேறு. நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் பலன் 1996 திருத்தத்துக்குப் பின் கோயில் நிலத்துக்குக் கிடையாது. திருமலைக் குமாரசாமி கோயிலின் நிழலில் வாழும் ஊர் நம்முடையது. இதை மறக்கக் கூடாது.

புதுக் கட்டிடத்தில் கடை வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் துணை நிற்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு அலகுகளுக்கு மேலோ கட்டுகிற திட்டத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும். விற்பனை கார்ப்பெட் ஏரியா கணக்கில் நடக்க வேண்டும். ஆனால் வெறும் வாடகைதாரருக்கு இந்தச் சட்டம் தானாகக் கை கொடுக்காது. 'கடை தருகிறேன்' என்ற வாக்கு பதிவு செய்த பத்திரமாக மாறினால்தான் நீங்கள் அதன் குடைக்குள் வருவீர்கள்.

கேட்க வேண்டிய ஏழு

1. புதுக் கடை தரைத்தளத்திலா? முகப்பு எத்தனை அடி? வரைபடத்தில் கடை எண் குறித்துப் பத்திரத்தோடு இணைத்திருக்கிறதா?

2. பரப்பு கார்ப்பெட் ஏரியாவா, சுவரும் வராந்தாவும் சேர்ந்த கணக்கா?

3. வாடகையா, சொந்தமா? சொந்தமென்றால் பிரிபடாத நிலப்பங்கு எவ்வளவு?

4. கட்டி முடியும் வரை மாற்றுக் கடை எங்கே? அதன் வாடகை யார் பொறுப்பு?

5. குறித்த தேதிக்குள் முடியாவிட்டால் மாதந்தோறும் இழப்பீடு எவ்வளவு?

6. பொதுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? லிஃப்ட் செலவைத் தரைத்தளக் கடையும் சுமக்க வேண்டுமா?

7. சரக்கு லாரி எங்கே நிற்கும்? எந்த நேரத்தில் இறக்கலாம்?

ஏழாவது கேள்வியைப் பலரும் விட்டு விடுகிறார்கள். குடியிருப்போர் சங்கம் 'காலையில் லாரி வரக் கூடாது' என்று ஒரு தீர்மானம் போட்டால் மொத்த வியாபாரம் அன்றே படுத்து விடும்.

தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகப் பதில் வரும். முதலில் கையெழுத்திட்டவருக்கு முன்வரிசை, கடைசியில் இட்டவருக்கு மூன்றாம் மாடி என்று பிரித்தால் பதினாலு கடையும் பதினாலு கட்சியாகும். ஒரு வரிசைக் கடைக்காரர்கள் அனைவரும் ஒரே நாளில், ஒரே வடிவப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். முகப்புக் கடைகளைக் குலுக்கல் முறையிலோ பழைய வரிசைப்படியோ பிரித்துக் கொள்வதென்று முன்கூட்டியே எழுதிக் கொள்ள வேண்டும். சங்கம் இருப்பது இதற்காகத்தான்.

இந்த மாதப் பயிற்சி

ஒவ்வொருவரும் ஒரு கோப்பு போடுங்கள். வாடகை ஒப்பந்தம், கொடுத்த அட்வான்ஸுக்கும் குட்வில்லுக்கும் ரசீது, தொழில் உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, பழைய மின்கட்டண ரசீதுகள், தொழில்வரி ரசீதுகள், கடை முகப்பு தெரியும் பழைய புகைப்படம் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள். எந்தத் தாள் இல்லையென்று அப்போதுதான் தெரியும். இல்லாததை இன்று கேட்டால் உரிமையாளர் சிரித்துக் கொண்டே கொடுப்பார். பில்டர் வந்த பிறகு கேட்டால் வக்கீலைப் பாருங்கள் என்பார்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்விகளைப் பேசுவோம். நம் கடைத்தெருவில் எழுத்து ஒப்பந்தம் உள்ள கடைகள் எத்தனை? சாரல் பருவத்திலும் சபரிமலைப் பருவத்திலும் நம்மிடம் வாங்குகிறவர், நம் கடை 23 அடி உள்ளே போனால் தேடி வருவாரா?

விடையோடு வாருங்கள்.