வேட்டுக்குழாயைச் சுத்தம் செய்யும் கருவிகள்

மதுரைக்கு வடமேற்கேயுள்ள பரவை முதலிய வைகைப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாக் காலத்து அதிர்வேட்டு பழைய வழக்கமாகும். கனத்த இரும்புக் குழாயில் கருமருந்து கெட்டித்துச் சுடும் வேட்டு, உருவத்திற் சிறியதேனும் தொழிலில் பீரங்கியே. 1884ஆம் வருஷத்து வெடிபொருட் சட்டம் இன்றும் அமுலில் இருப்பதால், உரிமம் பெற்றவரே இதில் கைவைக்கலாம். அவர்க்கும் சுத்தம் செய்யும் முறை தெரிந்திருத்தல் அவசியம்.

கருமருந்து முழுதும் ஆவியாய்ப் போவதில்லை. எடையிற் பாதிக்கு மேல் உப்பும் கசடுமாகவே மாறுகிறது. ஒரு பகுதி புகையோடு வெளியேற, எஞ்சியது உட்சுவரில் படிகிறது. இக்கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அதனினும் பெருங்கேடு, அதனடியில் அணையாதிருக்கும் கங்கு. அடுத்த மருந்தைக் கொட்டும்போதே பற்றிக்கொண்டால் கொட்டுபவரின் கையும் கண்ணும் போய்விடும்.

1763-64இல் யூசுப்கான் காத்துநின்ற மதுரைக் கோட்டையைக் கம்பெனிப் படை முற்றுகையிட்டது. அக்காலத்து ஐரோப்பியப் படைகளில் பீரங்கியின் அருகே நீர்வாளியும், நுனியில் ஆட்டுத்தோல் போர்த்த கோலும் இருக்கும். சுட்டதும் ஈரக்கோலால் உட்புறத்தைத் துழாவி அணைப்பார்கள்.

அக்கோலை நமது கிராமத்திலேயே செய்துகொள்ளலாம். குழாயின் ஆழத்தினும் இரண்டு முழம் நீண்ட மூங்கிற் கழியின் நுனியில் தேங்காய் நாரை இறுகச் சுற்றி, மேலே பழஞ்சாக்கைப் போர்த்துப் பருத்திக் கயிற்றாற் கட்டுக. சோழவந்தான் பக்கத்தில் நாருக்குப் பஞ்சமில்லை. இரும்பாணி கூடாது, உராய்ந்தால் பொறி பறக்கும். கசடு சுரண்டக் கருவேலங்கட்டையைத் தட்டையாகச் செதுக்கிக்கொள்க. திரித்துளைக்குச் செம்புக் கம்பி போதும். உலர்த்துவதற்கு, துணி சுற்றிய வேறொரு கோல் வேண்டும்.

ஒவ்வொரு வேட்டுக்கும் பின் ஈரக்கோலும், பிறகு உலர்கோலும் இடுக. பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். ஈரமேறிய மருந்து திரி எரிந்த பின்னும் வாளாவிருக்கும். என்னவென்று குனிந்து பார்த்தவுடன் வெடிக்கும். எக்காரணத்தாலும் முகத்தைக் குழாய் வாய்க்கு நேரே கொண்டுபோகலாகாது. பக்கத்தில் நின்றே கோலைச் செலுத்துக.

விழா முடிந்த அன்றே, குழாயில் மருந்தில்லை என்று உறுதி செய்துகொண்டு, வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். அப்போது அழுகிய முட்டை நாற்றம் எழும். அது கசடு கரைவதன் அடையாளம். நாற்றம் நின்று நீர் தெளிவாக வரும்வரை கழுவி, வெயிலில் உலர்த்தி, ஆமணக்கெண்ணெயை மெல்லியதாகப் பூசி வாயை மூடி வைக்க. மறு விழாவிற்கு எடுக்கும்போது அவ்வெண்ணெயை முற்றிலும் துடைத்த பின்னரே மருந்திட வேண்டும்.