முதுமையில் ஒரு நாய்க்குட்டி

விலங்கியல் பயில்வோர் வீட்டுக் கேள்விகளுக்குத் தப்ப முடியாது. என் தாத்தாவுக்கு வயது 71. வளர்த்த நாய் இறந்த வருத்தம் ஆறுமுன்னரே உறவினர் ஒருவர் இராசபாளையம் நாய்க்குட்டி ஒன்றைத் தர முன்வந்தார். "நீ இதைத்தானே படிக்கிறே? வாங்கலாமா, சொல்லு" என்றார் தாத்தா.

நாயின் ஆயுள் ஏறத்தாழ 10 முதல் 13 ஆண்டுகள். இந்தக் குட்டி கிழடாகும்போது தாத்தாவுக்கு 83 ஆகியிருக்கும். கிளி வளர்க்கலாமே என்றாள் தங்கை. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இராசபாளையமோ வேட்டைக்கென வளர்க்கப்பட்ட வலிய இனம். அது சங்கிலியை வெடுக்கென இழுத்து முதியவர் விழுந்தால், சுண்ணாம்புச்சத்துக் குறைந்த இடுப்பெலும்பு எளிதில் முறியும். இதை நான் விளக்கிக்கொண்டிருக்க, "விழறது கிடக்கட்டும். எனக்கப்புறம் அதுக்குச் சோறு வைக்கிறது யாரு?" என்றார் தாத்தா. அதற்கு என் பாடநூலில் விடையில்லை. அத்தைதான், "சாதுவான நாயா இருந்தா நான் பார்த்துக்கிறேம்ப்பா" என்றார்.

குட்டி வேண்டாமென்று முடிவாயிற்று. தெருவில் திரிந்த கிழட்டு நாயொன்று இப்போது எங்கள் திண்ணையில் படுத்திருக்கிறது. கால்நடை மருத்துவர் வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். ஆண்டுதோறும் போட வேண்டுமாம். பல் தேய்மானத்தைப் பார்த்து வயது எட்டிருக்கும் என்றார். வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. இதற்கு நான்கைக் காணோம்.

"எனக்கு அம்புட்டும் போச்சு" என்று சிரித்தார் தாத்தா.